படிவத்தின் கட்டங்களும் எமது பெயரும்

"அண்ணை, இதிலே 'நஷனலிற்றி' எண்டு கேட்டிருக்கு. தமிழ் எண்டு எழுதட்டோ, ஸ்ரீலங்கன் எண்டு எழுதட்டோ?"

ரெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்ரன் நகரில், ஒரு மாடிக்குடியிருப்பின் சமையலறை மேசையிலே அரசியல் தஞ்சம் கோரும் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு தம்பி என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய மனைவிக்கோ வேறொரு கவலை. "ஸ்ரீலங்கன் எண்டு எழுதினால், பிறகேன் அங்கையிருந்து ஓடி வந்தனீங்கள் எண்டு கேக்கமாட்டினமோ?" என்றார். இவற்றைக் கேட்டுக்கொண்டிருந்த பத்து வயது மகள் தன்னுடைய பாடசாலைப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "மாமா, எனக்கு 'ஏஷியன் இந்தியன்' எண்டு போட்டிருக்கினம். அது சரியோ?"

மூவர் கேட்டவையும் வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றினாலும் அவற்றின் அடியில் உள்ள மயக்கம் ஒன்றே. நாம் எந்த அரசின் குடிகள், நாம் எந்த இனத்தவர், நாம் எங்கே பிறந்தோம் என்ற மூன்றையும் ஒரே சொல்லால் விடையிறுக்க முயல்கிறோம். இந்த மயக்கம் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. நியூ ஜேர்சியிலும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலும் ரெக்சாஸிலும் வாழும் எம்மவர் பலர் பேனாவைக் கையில் பிடித்தவாறு தயங்கி நிற்கும் இடம் இதுவே. தவறான கட்டத்தில் எழுதப்பட்ட ஒரு சொல், பின்னர் விசாரணை அலுவலரின் முன்னே பல மணி நேரம் விளக்கவேண்டிய சிக்கலாக வளர்ந்துவிடுகிறது. ஆகவே இச்சொற்களைச் சற்று ஆற அமர நோக்குவது பயன் தரும் என நினைக்கிறேன்.

ஒரு சொல், இரு பொருள்

ஆங்கிலத்தில் 'நேஷன்' எனப்படும் சொல் பிறப்பைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தில் 'ஜாதி' என்ற சொல்லும் பிறப்பையே குறிக்கும். அந்த ஒரே சொல் தமிழில் 'சாதி' என்று குறுகி, மக்களை மேல் கீழ் எனப் பிரிக்கும் பொருளைப் பெற்றுவிட்டது. சிங்களத்திலோ 'ஜாதிய' என்பது இனத்தையும் குறிக்கும், தேசத்தையும் குறிக்கும். 'ஜாதிக' என்றால் தேசியம் சார்ந்தது என்று பொருள். இனத்துக்கும் தேசத்துக்கும் ஒரே சொல் வழங்கும்போது, அத்தேசத்தினுள் வாழும் வேற்றினத்தவர் எங்கே நிற்பது என்ற கேள்வி எழாமல் இராது.

தமிழில் எமக்குச் சொற்பஞ்சம் இல்லை. 'இனம்' என்பது பழஞ்சொல். கூட்டம், சுற்றம், வகை என்னும் பொருள்களில் வழங்கிவந்தது. திருக்குறளில் 'சிற்றினஞ்சேராமை' என்றொரு அதிகாரமே உண்டு. அங்கே இனம் என்பது நாம் யாரோடு சேர்ந்து பழகுகிறோமோ அந்தக் கூட்டம். பிறப்பால் வரும் மக்கட்பிரிவைக் குறிக்க இச்சொல்லை நாம் பெரிதும் ஆண்டது பிற்காலத்திலேயே. அரசுக்கும் தனிமனிதருக்கும் உள்ள சட்டத் தொடர்பைக் குறிக்க இலங்கையில் 'பிரஜாவுரிமை' என்று நெடுங்காலம் எழுதினோம். இன்று 'குடியுரிமை' என்கிறோம். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் சொற்கள் எம்மிடம் இருக்க, ஆங்கிலப் படிவத்தைக் கண்டதும் அந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறோம்.

அமெரிக்கச் சட்டத்திலும் நுட்பமான ஒரு வேறுபாடு உண்டு. 'நஷனல்' என்பவரும் 'சிற்றிசன்' என்பவரும் எப்போதும் ஒருவரல்லர். பசிபிக் சமுத்திரத்திலுள்ள அமெரிக்க சமோவாவில் பிறந்தோர் ஐக்கிய அமெரிக்காவின் 'நஷனல்'கள். ஆனால் பிறப்பினால் மட்டும் அவர்கள் குடியுரிமை பெற்றவர்களாகக் கருதப்படுவதில்லை. சொல் ஒன்று மாறினால் வாக்குரிமையே மாறிவிடுகிறது.

தஞ்சப் படிவம் கேட்பது என்ன?

அந்தத் தம்பியின் முன்னே இருந்தது 'ஐ-589' என்னும் படிவம். அதன் முதற்பகுதியிலே தற்போதைய 'நஷனலிற்றி' எது என்று கேட்டு, அடைப்புக்குள் 'சிற்றிசன்ஷிப்' என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே அக்கட்டம் வினவுவது குடியுரிமையையே. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு உரியவர் அங்கே 'ஸ்ரீலங்கா' என்று எழுதவேண்டும். பிறக்கும்போது இருந்த குடியுரிமை எது என்று இன்னொரு கட்டம் கேட்கிறது. அதன் பின்னர் இனம், இனக்குழு, பழங்குடி ஆகியவற்றைக் கேட்கும் தனிக்கட்டம் வருகிறது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு உரிய இடம் அதுவே. சமயத்துக்கும் தாய்மொழிக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு.

முதற்கட்டத்திலே 'தமிழ்' என்று எழுதினால் என்ன கேடு என்று கேட்கலாம். தமிழர் இந்தியக் குடிகளாகவும் இருக்கிறார்கள், மலேசியக் குடிகளாகவும் சிங்கப்பூர்க் குடிகளாகவும் இருக்கிறார்கள். எந்த அரசின் பாதுகாப்பை ஒருவர் இழந்து நிற்கிறார் என்று அறியாமல் அவருடைய அச்சத்தை எவரும் எடைபோட முடியாது. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயமும், அதனைத் தழுவி 1980 இல் அமெரிக்கா இயற்றிய அகதிகள் சட்டமும், தன்னுடைய குடியுரிமை நாட்டுக்கு வெளியே நின்று அந்நாட்டின் பாதுகாப்பைப் பெறமுடியாதவரை அல்லது பெற அஞ்சுபவரையே அகதி என்று கொள்கின்றன. ஆகவே 'ஸ்ரீலங்கா' என்று எழுதுவது அந்த அரசுக்கு நற்சான்று வழங்குவதாகாது. எந்த அரசு தன்னைக் காக்கத் தவறியது என்று சுட்டிக்காட்டுவதே ஆகும். அந்தச் சகோதரியின் அச்சத்துக்கு இதுவே விடை.

அதே படிவம் இன்னோரிடத்தில் அதே சொல்லை வேறு பொருளில் ஆள்கிறது. ஏன் அஞ்சுகிறீர் என்ற பகுதியில் இனம், சமயம், 'நஷனலிற்றி', அரசியற் கருத்து, குறித்த சமூகக் குழுவில் அங்கம் வகித்தல் ஆகிய காரணங்கள் நிரற்படுத்தப்பட்டுள்ளன. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகரகம் 1979 இல் வெளியிட்ட கைந்நூல், இவ்விடத்தில் 'நஷனலிற்றி' என்பது குடியுரிமையை மட்டும் குறிப்பதன்று, இனக்குழுவையோ மொழிக்குழுவையோ சார்ந்திருப்பதையும் குறிக்கும், சில வேளைகளில் 'இனம்' என்ற காரணத்தோடு ஒன்றின்மேல் ஒன்று படியவும் கூடும் என்று விளக்குகிறது. முதற்பக்கத்தில் ஸ்ரீலங்கன் என்று எழுதிய ஒருவரே, தான் தமிழ்த் தேசிய இனத்தவர் என்பதனால் துன்புறுத்தப்பட்டதாகப் பின்பக்கத்தில் கூறலாம். இரண்டும் முரண்பட்டவை அல்ல. எக்காரணங்களைக் குறிப்பது என்பதைச் சட்டத்தரணியோடு கலந்தே தீர்மானிக்கவேண்டும். ஆனால் சொல்லின் இரு பொருளையும் நாம் முன்னரே அறிந்திருந்தால், உரைபெயர்ப்பாளர் தடுமாறும் வேளையில் எம்மால் திருத்திக்கொள்ள முடியும்.

'சிலோன்' போய் 'ஸ்ரீலங்கா' வந்தது

பெற்றோரின் பழைய பத்திரங்களை இணைக்கும்போது மற்றொரு சிக்கல் தலைகாட்டும். தந்தையின் பிறப்புப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'சிலோன் தமிழ்' என்றும், மகனுடையதில் 'ஸ்ரீலங்கா தமிழ்' என்றும் இருக்கும். இவை இரு வேறு இனங்களோ என அயலார் ஐயுறக்கூடும். 1972 மே 22 அன்று குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது நாட்டின் ஆங்கிலப் பெயர் மாறியது. தமிழிலோ அன்றும் 'இலங்கைத் தமிழர்', இன்றும் 'இலங்கைத் தமிழர்' என்றே வழங்குகிறோம். மொழிபெயர்ப்பாளர் ஒரு வரிக் குறிப்புச் சேர்த்துவிட்டால் ஐயம் நீங்கிவிடும்.

'ஈழம்' என்ற பெயரும் அரசியல் இயக்கங்கள் ஆக்கித் தந்த புதுச்சொல் அன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்கு ஈழத்திலிருந்து உணவுப்பொருள் வந்ததைப் பட்டினப்பாலை பேசுகிறது. ஈழத்துப் பூதன்தேவனார் என்னும் பெயருடைய புலவரின் பாடல்கள் சங்கத் தொகைகளில் உள்ளன. ஆயினும் 'ஈழம்' என்பது குடியுரிமைக் கட்டத்தில் எழுதத்தக்க அரசின் பெயரன்று. 'ஈழத்தமிழர்' என்று எம்மை நாமே அழைத்துக்கொள்ளும் உரிமை வேறு, கடவுச்சீட்டில் உள்ளதைப் பிழையின்றி எழுதும் கடமை வேறு.

மலையகம் கற்பித்த பாடம்

பெயர்களின் விலையை எம்மவருள் மிக அதிகமாகச் செலுத்தியவர்கள் மலையகத் தமிழர்கள். 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலேதான் தமிழர் 'இலங்கைத் தமிழர்' என்றும் 'இந்தியத் தமிழர்' என்றும் முதன்முறையாக இரு தலைப்புகளின் கீழ் எண்ணப்பட்டனர். கணக்கெடுப்பின் வசதிக்காகப் போடப்பட்ட அந்தக் கோடு, 1948 இல் சட்டத்தின் கோடாக மாறியது. அவ்வாண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தைவழியில் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புகள் பதியப்படாத தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர் எதனைக் காட்டுவர்? ஏறத்தாழ 7 இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸின் சார்பில் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்குரிமை இழந்து நின்றனர். இப்பிரச்சினையிலே தமிழ்க் காங்கிரஸ் பிளவுண்டு, 1949 டிசம்பரில் எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி தோன்றியது.

1964 ஒக்ரோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 975,000 மனிதரைப் பங்கு பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு. அந்த எஞ்சியோரும் 1974 இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். இலங்கையில் எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 1988 இலும் 2003 இலும் மேலும் இரு சட்டங்கள் தேவைப்பட்டன.

இதில் எமது பங்கையும் மறைப்பதற்கில்லை. 'தோட்டக்காட்டார்' என்று அவர்களை இழித்துப் பேசியவர்கள் யாழ்ப்பாணத்திலும் இருந்தார்கள். 1981 இல் இலங்கையின் சனத்தொகையில் 5.5 விழுக்காடாக இருந்த 'இந்தியத் தமிழர்' 2012 இல் நான்கு விழுக்காட்டளவுக்கு இறங்கினர். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது ஒரு காரணம். இன்னலுக்கு அஞ்சிப் பலர் தம்மை 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டது மற்றொரு காரணம். 'மலையகத் தமிழர்' என்ற பெயரோ அவர்கள் தாமே தெரிந்துகொண்டது. அவர்களை நாம் அப்பெயராலேயே அழைக்கவேண்டும். மலையகத்துக் குடும்பம் ஒன்று இங்கே படிவம் நிரப்பும்போது, பத்திரத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருப்பதைக் கண்டு குடியுரிமைக் கட்டத்தில் 'இந்தியா' என்று எழுதிவிடக் கூடாது. அது இனத்தின் பெயர், நாட்டின் பெயரன்று. பிறந்தபோது எந்நாட்டுக் குடியுரிமையும் இல்லாதிருந்தவருக்கு 'நாடற்றவர்' என்பதும் ஒரு விடையே.

முஸ்லிம் மக்களின் வரலாறும் இதனையே கற்பிக்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதித்தார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் அதனை மறுத்து நூல் எழுதினார். தமிழைத் தாய்மொழியாகப் பேசியும் தம்மைத் தனியினமாகவே முஸ்லிம்கள் கருதி வந்தனர். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றிய பின்னர், 'தமிழ் பேசும் மக்கள்' என்ற பொதுப்பெயரிலும் அவர்களுள் பலர் நம்பிக்கை இழந்ததில் வியப்பில்லை. ஒரு மக்களுக்குப் பெயர் சூட்டும் உரிமை அம்மக்களுக்கே உரியது என்று எமக்காகக் கேட்கும் நாம், பிறருக்கும் அதனை அளிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அமெரிக்காவின் மாறும் கட்டங்கள்

எம்மைக் குழப்பும் இக்கட்டங்கள் இந்நாட்டிலும் நிலையாக இருந்தவை அல்ல. 1920, 1930, 1940 ஆகிய ஆண்டுகளின் குடிசன மதிப்புகளில் இந்தியாவிலிருந்து வந்தோரின் இனம் 'இந்து' என்று எழுதப்பட்டது. பஞ்சாபிலிருந்து வந்து கலிபோர்னியாவில் வயல் செய்த சீக்கியரும் முஸ்லிமும் கூட அக்கணக்கில் 'இந்து'க்களே. அமெரிக்க இராணுவத்திற் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்னும் சீக்கியர், தாம் வெள்ளையர் என்ற பிரிவில் அடங்குவதாகக் கூறிக் குடியுரிமை கோரினார். 1923 இல் உயர் நீதிமன்றம் அதனை மறுத்தது. இந்தியருக்கு இக்கதவு 1946 இலும், ஏனைய ஆசியருக்கு இனத்தடை முற்றாக நீங்கி 1952 இலும் திறந்தது.

1970 இல் இந்தியர் 'வெள்ளையர்' என்ற தலைப்பினுள் எண்ணப்பட்டனர். 1980 இல் 'ஏஷியன் இந்தியன்' என்ற கட்டம் பிறந்தது. மனிதரின் நிறமும் முகமும் மாறவில்லை, படிவமே மாறியது. 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலும் எமக்கெனத் தனிக்கட்டம் இருக்கவில்லை. 'வேறு ஆசியர்' என்ற இடத்திலே நாமே எழுதவேண்டியிருந்தது. 2010 இல் தம்மை 'ஸ்ரீலங்கன்' என்று எழுதியவர்கள், கலப்பினத்தவரையும் சேர்த்து, 45,381 பேர். அவர்களுள் எத்தனை பேர் தமிழர் என்பதை அவ்வெண் சொல்லாது. 'ஏஷியன் இந்தியன்' என்று அடையாளமிட்டுவிட்ட எம்மவரையோ அது கணக்கில் எடுக்கவே இல்லை. பாடசாலைகளும் மருத்துவமனைகளும் மொழியுதவி ஒழுங்கு செய்வதற்கு இத்தகைய எண்ணிக்கைகளை நோக்குகின்றன. ஆண்டுதோறும் தெரிந்தெடுக்கப்பட்ட வீடுகளுக்கு வரும் அமெரிக்கச் சமூக ஆய்வுப் படிவத்தில் மூதாதையர் யார், வீட்டில் எம்மொழி பேசுகிறீர் என்ற வினாக்கள் உண்டு. அவ்விடங்களில் 'தமிழ்' என்று எழுதத் தவறலாகாது.

குடியுரிமையும் இனமும் வெவ்வேறு என்பதை இந்நாட்டின் நீதிமன்றமே ஒருமுறை தெளிவாகக் கூறியுள்ளது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வொங் கிம் ஆர்க், சீனா சென்று 1895 இல் திரும்பியபோது, நாட்டினுள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது. அவர் பிறப்பால் அமெரிக்கக் குடிமகனே என்று 1898 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் வந்த நிறைவேற்று ஆணை ஒன்று பிறப்புவழிக் குடியுரிமையைச் சுருக்க முனைந்து பல வழக்குகளுக்கு உள்ளானதும், அனைவரும் மீண்டும் எடுத்துப் பேசியது இச்சமையற்காரரின் வழக்கையே. சீனராய் இருந்துகொண்டே அவர் அமெரிக்கரானார். எமது பிள்ளைகள் தமிழராய் இருந்துகொண்டே அமெரிக்கராவதில் முரண்பாடு ஏதும் இல்லை.

கோயில் வாசலிலும் வகுப்பறையிலும்

படிவத்துக்கு வெளியேயும் இக்கேள்வி எம்மைத் தொடர்கிறது. பெயர்லாந்து மீனாட்சி அம்மன் கோயிலிலோ, லிவர்மோர் சிவ விஷ்ணு கோயிலிலோ, எடிசன் கடைத்தெருவிலோ எமது தமிழைக் கேட்ட ஒருவர், "நீங்க மலையாளமா?" என்று அன்போடு விசாரிப்பார். இங்குள்ள தமிழருட் பெரும்பான்மையினர் தமிழ்நாட்டிலிருந்து கல்விக்கும் தொழிலுக்குமாக வந்தவர்கள். எமது பேச்சு அவர்களுக்குப் புதிது. எமது பிள்ளைகள் தமிழ் படிப்பதும் பெரும்பாலும் அவர்கள் நடத்தும் பாடசாலைகளிலேயே. அதற்கு நாம் நன்றியுடையோம். மொழியால் ஒன்று, நாட்டால் வேறு என்று புன்னகையோடு விடை சொல்லப் பிள்ளைகளைப் பழக்கினால் போதும். 'இந்தியன்' என்று எவரேனும் எழுதினால் அது வசையன்று, ஆனால் பிழை. பிழையைத் திருத்தும்படி கேட்பது மரியாதைக் குறைவாகாது.

'அகதி' என்ற சொல்லும் அவ்வாறே. கதியற்றவர் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டில் 'இலங்கை அகதிகள் முகாம்' என வழங்கியதை 2021 ஒகஸ்டில் அம்மாநில அரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. நற்செயலே. ஆனால் அம்முகாம்களிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெயர் மாற்றம் குடியுரிமையைத் தரவில்லை. இந்தியாவின் 2019 ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைக்கு இடமிருக்கவில்லை. சொல் மதிப்பைத் தரும், உரிமையைத் தருவது சட்டமே. இரண்டும் எமக்கு வேண்டும்.

போவது எது, நிலைப்பது எது?

நாளை இக்குடும்பம் 'என்-400' படிவத்தை நிரப்பி, வலக்கையை உயர்த்திச் சத்தியம் செய்யும் நாளும் வரக்கூடும். அன்று, வம்சாவழியால் இலங்கைக் குடிகளாக இருந்தோரின் குடியுரிமை இலங்கைச் சட்டப்படி தானாகவே அற்றுப்போகும். இரட்டைக் குடியுரிமை வேண்டுவோர் அதற்குத் தனியே விண்ணப்பிக்கவேண்டும். குடியுரிமை என்பது பெறக்கூடியது, பறிக்கப்படக்கூடியது, மாற்றிக்கொள்ளக்கூடியது. 1948 இல் ஒரு சட்டம் அதனைப் பறித்தது. 2003 இல் இன்னொரு சட்டம் அதனைக் கொடுத்தது. இனமோ எந்த அலுவலகத்திலும் ஒப்படைக்கப்படுவதில்லை. ஆனால் பேணாதுவிட்டால், இரண்டு தலைமுறையில் அது வெறும் கட்டமாகச் சுருங்கிவிடும்.

அன்றிரவு ஹூஸ்ரனில் நாம் எழுதியவை இவை. குடியுரிமை என்ற கட்டத்தில் ஸ்ரீலங்கா. இனம் என்ற கட்டத்தில் தமிழ். தாய்மொழி என்ற இடத்தில் தமிழ். அவர் தம் கையாலேயே எழுதினார். எழுதிய ஒவ்வொன்றையும் தமிழில் விளங்கப்படுத்திய பின்னரே மற்றதற்குச் சென்றோம். தனக்கு விளங்காத சொல்லின்கீழ் எவரும் கையொப்பமிடலாகாது.

சிறுமியின் படிவத்தில் 'ஏஷியன் இந்தியன்' என்பதை வெட்டி, 'வேறு ஆசியர்' என்ற இடத்தில் 'ஸ்ரீலங்கன் தமிழ்' என்று அவளே எழுதினாள். இடம் போதாமல் கடைசி எழுத்துகள் கட்டத்துக்கு வெளியே போயின. "வெளியிலே போனாலும் பரவாயில்லை, வாசிக்கத்தக்கதாய் இருந்தால் சரி" என்றார் தாயார்.